முதுகுத்தண்டை விரலால் எண்ணிப் பழகுவது எப்படி? முதலாண்டு மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிசியோதெரபி முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். முதுகுத்தண்டின் படத்தை நோட்டில் அழகாக வரைந்து, எல்லாப் பெயரையும் குறித்துவிடுகிறவர்கள்கூட, ஒரு ஆளின் முதுகைக் காட்டி "எல்4 எங்கே?", அதாவது இடுப்பின் நான்காவது எலும்பு எங்கே, என்று கேட்டால் திணறிப்போகிறார்கள். அவர்கள் படிக்காமல் வரவில்லை. எதை முதலில் தொடுவது, எதை அடுத்துத் தொடுவது என்ற வரிசைதான் பிடிபடவில்லை.

கீழே சொல்லும் வரிசையில் போனால், ஒரு நண்பரின் முதுகில் கழுத்தின் சி2 முதல் இடுப்பின் எல்5 வரை பென்சிலால் குறித்து, ஒவ்வொரு குறிக்கும் அடியில் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே மூச்சில் செய்யாதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தடவினால் விரல் நுனியின் உணர்வு மங்கிவிடும்.

1. முதலில் எடுத்துவைக்க வேண்டியவை

முதல் முறைக்கு ஒல்லியான, முதுகுவலி இல்லாத ஒரு நண்பர் வேண்டும். சதைப்பற்றுள்ள முதுகில் ஆரம்பித்தால் எலும்பைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். சாய்மானம் இல்லாத ஸ்டூல், கண் மை பென்சில், அதை அழிக்கத் துளி தேங்காய் எண்ணெய், பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம். இவ்வளவுதான். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அது தோலை இழுக்கும், இழுபட்ட தோலில் வைத்த குறி கையை எடுத்ததும் நகர்ந்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

யாருடைய முதுகானாலும் எங்கெங்கே தொடப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் கைவைக்க வேண்டும். "இப்ப கழுத்துக்குக் கீழே தொடுறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சொல்லாமல் தொட்டால் முதுகுத் தசை சட்டென்று இறுகும். இறுகிய தசைக்கு அடியில் எலும்பு தட்டுப்படாது.

அண்மையில் கீழே விழுந்தவர், கழுத்து வலியோடு கை மரத்துப்போகிறவர், எலும்பு வலுக்குறைந்த வயதானவர் ஆகியோரிடம் பழகக் கூடாது. இந்தப் பயிற்சியில் கழுத்தைக் குனியவும் நிமிரவும் சொல்லப்போகிறோம் என்பதே காரணம்.

2. எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5. காலை 7 மணிக்கு இட்லி, பகல் 12 மணிக்குச் சாப்பாடு, மாலை 5 மணிக்கு டீ என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இந்த 24 எலும்புகளும் தனித்தனியாக அசைபவை. இவற்றுக்குக் கீழே 5 எலும்புகள் ஒன்றாக ஒட்டிய முக்கோணமான சாக்ரம். அதற்கும் கீழே பெரும்பாலும் 4 துண்டுகள் சேர்ந்த வால் எலும்பு. மொத்தம் 33. ஒட்டியவற்றை ஒன்று ஒன்றாகக் கணக்கிட்டால் பெரியவர்களுக்கு 26. தேர்வில் இரண்டு எண்ணும் வரும், குழம்பாதீர்கள்.

கழுத்துக்கு சி, நெஞ்சுக்கு டி, இடுப்புக்கு எல், சாக்ரத்துக்கு எஸ். மேலிருந்து கீழாக எண்ண வேண்டும்.

தொடும் முன் எண்களை உறுதி செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரல் சொல்வதையும் மனம் எண்ணுவதையும் ஒரே நேரத்தில் கவனிக்க ஆரம்பத்தில் யாராலும் முடியாது. எண் தானாக வாயில் வந்தால்தான் கவனம் விரலில் நிற்கும்.

3. ஒரு முள்ளெலும்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கல்லூரி எலும்புப் பெட்டியோ பிளாஸ்டிக் மாடலோ கிடைத்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முன்பக்கம் உருளைபோல் கனமாக இருப்பது எலும்பின் உடல். உடம்பின் எடையைத் தாங்குவது அதுதான். பின்பக்கம் ஒரு வளைவு. உடலுக்கும் வளைவுக்கும் நடுவே உள்ள துவாரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரும்போது, மூளையிலிருந்து வரும் நரம்புத் தண்டான தண்டுவடம் இறங்கும் குழாய் உருவாகிறது. வளைவிலிருந்து ஏழு நீட்சிகள் கிளம்புகின்றன: பின்னால் ஒரு முள், இரு பக்கமும் ஒவ்வொரு பக்க நீட்சி, மேலும் கீழும் இரண்டிரண்டாக மூட்டு நீட்சிகள் நான்கு.

இப்போது முள்ளின் நுனியில் மட்டும் விரலை வைத்து மற்றதையெல்லாம் துணியால் மூடிவிடுங்கள். உயிருள்ள முதுகில் உங்கள் விரலுக்குக் கிடைக்கப்போவது இந்த நுனி மட்டும்தான். உடலும் குழாயும் அதற்கு வெகு உள்ளே இருக்கின்றன. இடுப்புப் பகுதியில் தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியை எட்டுவதற்கே, பெரியவர்களுக்குத் தோலிலிருந்து சாதாரணமாக 4 முதல் 6 செ.மீ. ஆழம் போக வேண்டும்.

அடுத்து, எந்தப் பகுதி எலும்பு என்று கண்டுபிடிக்கும் வரிசை. பக்க நீட்சியில் துவாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கழுத்து. இல்லையென்றால் உடலின் பக்கவாட்டில் விலா எலும்பு பொருந்தும் வழவழப்பான தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நெஞ்சு. இரண்டும் இல்லையென்றால் இடுப்பு.

மாணவர்கள் பெரும்பாலும் அளவை வைத்து முடிவு செய்து தவறுகிறார்கள். குள்ளமான ஒருவரின் இடுப்பு முள்ளெலும்பும் உயரமான ஒருவரின் டி12-உம் பக்கத்தில் வைத்தால் அளவு ஏமாற்றிவிடும். துவாரமும் தடமும் ஏமாற்றாது.

முதல் இரண்டு கழுத்தெலும்புகள் தனி ரகம். சி1 ஒரு வளையம்; அதற்கு உடலும் கிடையாது, முள்ளும் கிடையாது. சி2-இன் உடலிலிருந்து பல்போல் ஒரு முளை எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. நாம் "இல்லை" என்று தலையாட்டும்போது அந்த முளையைச் சுற்றித்தான் வளையம் திரும்புகிறது. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில் நடக்கிறது.

4. தொடும் முன் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்

நண்பரை நிற்கச் சொல்லி, பக்கவாட்டில் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கழுத்து உள்வளைவு, நெஞ்சு வெளிவளைவு, இடுப்பு உள்வளைவு, சாக்ரம் மீண்டும் வெளிவளைவு. பிறந்த குழந்தைக்கு முதுகு முழுவதும் ஒரே வெளிவளைவுதான். "குழந்தைக்குக் கழுத்து நின்னுடுச்சா?" என்று மூன்று நான்கு மாதத்தில் கேட்கிறோமே, அப்போது கழுத்தின் உள்வளைவு தெளிவாகிறது. உட்கார்ந்து நடக்கத் தொடங்கும்போது இடுப்பின் உள்வளைவு.

இந்தப் பார்வையை விட்டுவிடக் கூடாது. வெளிவளைவில் முட்கள் தோலுக்கு அருகே துருத்தி நிற்கும்; உள்வளைவில் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். எங்கே எளிது, எங்கே அழுத்தித் தேட வேண்டும் என்பதைக் கண்ணே முதலில் சொல்லிவிடும்.

பின்னால் வந்து நின்று ஒருமுறை முன்னோக்கிக் குனியச் சொல்லுங்கள். விலாப் பகுதி ஒரு பக்கம் மட்டும் மேடாக எழுந்தால் தண்டு பக்கவாட்டில் வளைந்து முறுக்கியிருக்கலாம். அவரை மருத்துவரிடம் காட்டச் சொல்லிவிட்டு, பயிற்சிக்கு வேறொருவரை அழையுங்கள்.

5. ஐந்து கம்பங்களை நடுங்கள்

மேலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்காதீர்கள். வேலி போடுகிறவர் முதலில் கம்பத்தை நட்டுவிட்டுப் பிறகுதான் கம்பி இழுப்பார். நமக்கும் ஐந்து கம்பங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் மற்றதைப் பார்க்காமல் தனித்தனியாகக் குறியுங்கள். அப்போதுதான் ஒன்று தவறினால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

சி7: நண்பரை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையைக் குனியச் சொல்லுங்கள். பிடரிக்குக் கீழே இரண்டு மூன்று முட்கள் எழும்பித் தெரியும். மிகவும் துருத்துவது சி7 என்று புத்தகம் சொல்லும்; ஆனால் பலருக்கு டி1-உம் அதே அளவு, சிலருக்கு அதைவிட அதிகமாகவே துருத்தும். அதனால் மூன்று முட்களிலும் மூன்று விரல்களை வைத்துக்கொண்டு, "மெதுவா அண்ணாந்து பாருங்க" என்று சொல்லுங்கள். சி6 விரலுக்கு அடியிலிருந்து முன்னோக்கி நழுவி மறையும். நழுவாமல் நிற்பவற்றில் மேலே இருப்பது சி7. இந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு சரியாக வராது. மற்ற நான்கு கம்பங்கள் அதற்காகத்தான்.

டி3: கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்பின் குறுக்கே ஓடும் மேட்டைப் பிடித்து உள்நோக்கி வாருங்கள். அது முடியும் இடத்துக்கு நேரே டி3-இன் முள்.

டி7: அதே தோள்பட்டை எலும்பின் கீழ் முனைக்கு நேரே. சிலருக்கு டி8-க்கு அருகே வரும். கைகளை மடித்து மார்பில் கட்டியிருந்தால் தோள்பட்டை எலும்பே விலகிவிடும். மாணவர்கள் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள்.

எல்4: இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல் ஓரத்தால் இடுப்பின் இரு பக்கமும் கீழ்நோக்கி அழுத்தி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் நிறுத்துங்கள். இரு கட்டைவிரல்களையும் நடுமுதுகில் கிடைக்கோட்டில் சேர்த்தால் எல்4-இன் முள் அல்லது எல்4, எல்5-க்கு இடையிலான பள்ளம். சதையின்மேலேயே விரல் நின்றுவிட்டால் கோடு ஒரு எலும்பு மேலே ஏறி, எல்3 பக்கம் போய்விடும். எலும்பு தட்டுப்படும் வரை சதையை உள்ளே தள்ளி, பிறகு கீழே இறங்க வேண்டும்.

எஸ்2: பிட்டத்துக்கு மேலே இரு பக்கமும் குழி விழுமே, அந்தக் குழிகளை இணைக்கும் கோடு. குழி தெரியாதவருக்கு இடுப்பெலும்பின் விளிம்பைப் பிடித்துப் பின்னோக்கி வந்தால் கடைசியில் ஒரு முண்டு கட்டைவிரலில் இடறும்.

6. கம்பங்களுக்கு நடுவே எண்ணுங்கள்

இரண்டு விரல் முறை: ஆள்காட்டி விரல் ஒரு முள்ளின்மேல், நடுவிரல் அடுத்த முள்ளின்மேல். பென்சிலால் குறித்த பிறகு மேல்விரலை எடுத்து அடுத்த முள்ளுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு விரலும் ஒரே நேரத்தில் தோலை விட்டுக் கிளம்பக் கூடாது. பென்சிலை எடுக்கக் கையை விட்டவர்கள் எல்லோருமே ஒரு எலும்பைத் தவறவிட்டதை வருடா வருடம் பார்க்கிறேன்.

சி7-இலிருந்து மேலே போவது கடினம், அதை முதலில் முடித்துவிடுங்கள். நண்பர் நெற்றியை மேசையில் மடித்துவைத்த கைகளின்மேல் சாய்க்கட்டும். மண்டையோட்டின் அடியிலிருந்து நடுக்கோட்டில் இறங்கினால் முதலில் கெட்டியாகத் தட்டுவது சி2-இன் முள். அதை சி1 என்று நினைப்பது மிகவும் பொதுவான தவறு. சி1-க்கு முள்ளே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். சி3 முதல் சி5 வரை முட்கள் குட்டையாக, உள்வளைவுக்குள் புதைந்திருக்கும். எண்ண முடியாவிட்டால் இடம் விட்டுவிடுங்கள். ஆனால் கழுத்தின் பக்கவாட்டில் அழுத்தவே கூடாது. அங்கே பெரிய இரத்தக் குழாய்கள் போகின்றன.

டி1 முதல் டி12 வரை நண்பர் சற்றே கூன் போட்டு உட்கார்ந்தால் முட்களின் இடைவெளி விரிந்து எண்ண எளிதாகும். நடுநெஞ்சில் ஓட்டுக்கூரையின் ஓடுகள்போல முட்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. டி5 முதல் டி8 வரை முள்ளின் நுனி அடுத்த எலும்பின் உடலுக்கு நேரே இறங்கிவிடும். அதாவது டி6-இன் நுனியைத் தொடும்போது ஆழத்தில் அதற்கு நேரே இருப்பது டி7-இன் உடல். எக்ஸ்ரேயையும் விரலையும் ஒப்பிடும்போது ஒரு எலும்பு வித்தியாசம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டி12-க்குக் கீழே முட்களின் வடிவம் மாறுவது விரலுக்கே தெரியும். மேலே கூர்மையான முனை. இங்கே கோடாரியின் அலகுபோல் அகலமாக, நேராகப் பின்னோக்கி நீண்டது. எல்5-இன் முள் மட்டும் சிறியது, பள்ளத்துக்குள் இருக்கும். அதைத் தவறவிடாமல் இருக்க, எஸ்2-இலிருந்து மேல்நோக்கி வாருங்கள்: எஸ்1, பிறகு ஒரு பள்ளம், அதற்குள் எல்5, பிறகு பெரிய எல்4.

7. கணக்கு ஒட்டவில்லையென்றால்

சென்ற பருவத்தில் ஒரு மாணவி மேலிருந்து மிகப் பொறுமையாக எண்ணிக்கொண்டு வந்தாள். இடுப்புக் கோட்டுக்கு வந்ததும், "சார், கோட்டு மேல எல்3 தான் வருது. இவங்களுக்கு ஒரு எலும்பு குறைவா இருக்குமா?" என்றாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு சி7-ஐ மறுபடி சோதிக்கச் சொன்னேன். மூன்று விரல்களை வைத்து அண்ணாந்து பார்க்கச் சொன்னதும், அவள் சி7 என்று குறித்திருந்த முள்ளுக்கு மேலே இருந்த முள்ளும் அசையாமல் நின்றது. டி1-ஐ சி7 என்று தொடங்கியதால் 16 குறிகளும் ஒவ்வொன்றாக மாறியிருந்தன. விரல் எங்கேயும் தவறவில்லை. எண்ணெய் தொட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். இம்முறை எல்4 சரியாகக் கோட்டில் உட்கார்ந்தது.

சோதிக்கும் வரிசை இதுதான்: முதலில் சி7, அடுத்து எல்5-ஐத் தவறவிட்டீர்களா, பிறகு இடுப்புக் கோடு சதையில் நின்றுவிட்டதா. மூன்றும் சரி, டி3-உம் டி7-உம் கம்பங்களோடு பொருந்துகின்றன, இடுப்பில் மட்டும் ஒன்று உதைக்கிறது என்றால், உண்மையாகவே எலும்பு மாறுபட்டிருக்கலாம். சிலருக்கு எல்5 சாக்ரத்தோடு ஒட்டியிருக்கும். சிலருக்கு எஸ்1 பிரிந்து ஆறாவது இடுப்பு முள்ளெலும்புபோல் நிற்கும். அதை உறுதிசெய்ய எக்ஸ்ரேயால்தான் முடியும்.

ஒரு முள்ளின் நுனி மட்டும் கோட்டிலிருந்து சற்றே விலகியிருந்தால் "எலும்பு விலகியிருக்கு" என்று நண்பரைப் பயமுறுத்திவிடாதீர்கள். முள்ளே கோணலாக வளர்ந்திருக்கலாம். உள்ளே உடல் நேராகத்தான் இருக்கும்.

8. குறிகளுக்கு அடியில் இருப்பதைச் சொல்லிப் பாருங்கள்

குறிகள் சரியான பிறகே இந்தப் படி. தவறான குறியின்மேல் நரம்பை வைத்தால் எல்லாமே தவறாகும்.

எல்1, எல்2 குறிகளுக்கு நடுவே கிடைக்கோடு ஒன்று போடுங்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் குதிரைவால்போல் கொத்தாகத் தொங்குகின்றன. முதுகுத்தண்டு நீர் எடுக்கும் ஊசியை எல்3, எல்4-க்கு இடையிலோ எல்4, எல்5-க்கு இடையிலோ போடுவது அதனால்தான். எல்4-ஐ ஒரு எலும்பு மேலே தவறாகக் குறித்தால் ஊசி தண்டுவடத்தை நெருங்கிவிடும். பச்சிளங்குழந்தைக்குத் தண்டுவடம் எல்3 வரைகூட இறங்கியிருக்கும்.

முதுகுவலியோடு, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போய், சிறுநீர் போகவும் முடியவில்லை என்று யாராவது சொன்னால், அந்தக் குதிரைவால் நசுங்கியிருக்கலாம். தடவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

நரம்புகளில் ஒரு சிக்கல் உண்டு. கழுத்தெலும்பு 7, ஆனால் கழுத்து நரம்பு 8 ஜோடி. சி1 முதல் சி7 வரை நரம்புகள் அதே எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியேறுகின்றன. சி8 நரம்பு சி7 எலும்புக்குக் கீழே. அங்கிருந்து எல்லாமே தத்தம் எலும்புக்குக் கீழே. மொத்தம் 31 ஜோடி. டி1 குறியின் அருகே "இங்கே விதி மாறுகிறது" என்று தோலிலேயே ஒரு அம்புக்குறி போடச் சொல்வேன். போட்டவர்கள் மறந்து நான் பார்த்ததில்லை.

இனி டிஸ்க், அதாவது இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. சி2, சி3-க்கு இடையில் தொடங்கி எல்5, எஸ்1-க்கு இடையில் முடிகிறது, மொத்தம் 23. வெளியே நார் வளையங்கள், நடுவே நீர்ப்பிடிப்புள்ள கூழ். பகலெல்லாம் எடை தாங்கி நீரை இழப்பதால் காலையில் இருந்த உயரம் இரவில் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைந்திருக்கும். "ஜவ்வு விலகிடுச்சு" என்று நம்மூரில் சொல்வது இந்த டிஸ்க்கைப் பற்றித்தான். ஆனால் டிஸ்க் தட்டுபோல் நழுவுவதில்லை. நார் வளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்குகிறது. பெரும்பாலும் பின்பக்க ஓரத்தில், ஏனென்றால் நடுவே இறங்கும் நீண்ட தசைநார் அங்கே அகலம் குறைந்து, ஓரத்தைக் காப்பாற்றாமல் விட்டுவிடுகிறது. விரலுக்கு எட்டாத ஆழத்தில் பிதுங்கியதை வெளியிலிருந்து தட்டி உள்ளே தள்ள முடியாது என்பது, இந்தக் குறிகளைப் போட்ட கைக்கு இப்போது தெரியும்.

இடுப்பில் பிதுங்குவதில் பெரும்பங்கு எல்4, எல்5 இடையிலும் எல்5, எஸ்1 இடையிலும்தான். எல்4, எல்5 டிஸ்க் பிதுங்கினால் எந்த நரம்பு பாதிக்கும்? எல்4 என்று எல்லோரும் சொல்வார்கள். எல்4 நரம்பு டிஸ்குக்கு மேலேயே வெளியேறித் தப்பிவிடுகிறது. கீழே போய்க்கொண்டிருக்கும் எல்5 மாட்டிக்கொள்கிறது. கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்ப்பது அதற்காக. கீழே உள்ள டிஸ்க் என்றால் எஸ்1. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது தடுமாறும்.

9. இரண்டாம் நாள்

முதல் நாள் குறிகளை எண்ணெய் தொட்டு முழுவதும் அழித்துவிடுங்கள். மங்கலாக மிச்சமிருந்தால் கண் விரலை ஏமாற்றும். இரண்டாம் நாள் வேறொரு முதுகு, இம்முறை கொஞ்சம் சதைப்பற்றானவர். எஸ்2-இலிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள். முடித்ததும் உங்கள் குறிகளைத் துண்டால் மூடிவிட்டு, இன்னொரு மாணவரை அதே முதுகில் எல்4-ஐ மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். துண்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிக்கும் இடையே ஒரு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.